பிப்ரவரியில் பார்த்த கோடை வானம்: நீலகிரியில் ஒரு பருவகால வான்நோக்குச் சவால்

நான்கு பருவம், பருவத்துக்குப் பன்னிரண்டு வான்பொருள், ஓராண்டுக்குள் முடித்துவிட வேண்டும். கோத்தகிரி, ஊட்டி வட்டாரங்களைச் சேர்ந்த வான்நோக்கு ஆர்வலர்கள் சிலர் தங்களுக்குள் வைத்துக்கொண்ட சவால் இது. பார்த்த தேதி, நேரம், வானத்தின் நிலை, கருவி, கையால் வரைந்த ஒரு சிறு படம் ஆகிய ஐந்தும் பதிவேட்டில் இருந்தால்தான் கணக்கில் சேரும். செல்பேசியில் எடுத்த படம் மட்டும் போதாது.

ஆண்டு முடிவில் பதிவேடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். குளிர்காலப் பக்கமும் வசந்தப் பக்கமும் பெரும்பாலோருக்கு நிறைந்திருந்தன. கோடைப் பக்கமும் இலையுதிர்காலப் பக்கமும் ஏறக்குறைய எல்லோருக்குமே வெறுமையாக இருந்தன. விதிவிலக்கு இருவர். ஒருவர், நெடுகுளாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி ஓட்டுநர். இன்னொருவர், மலையின் மேற்குப் பக்கம் இத்தலார் அருகே குடியிருக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஆசிரியையின் இலையுதிர்காலப் பக்கத்தில் யாருக்கும் சிக்கல் இல்லை. ஓட்டுநரின் கோடைப் பக்கம்தான் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது. பன்னிரண்டில் பதினொன்றை அவர் பார்த்திருந்தார். ஆனால் தேதிகள் எல்லாம் பிப்ரவரிக் கடைசியும் மார்ச் தொடக்கமும்.

சவாலை ஒருங்கிணைத்தவர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். கோடைப் பட்டியல் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும்தான், முன்கூட்டிப் பார்த்ததைச் சேர்த்துக்கொண்டால் பருவகாலச் சவால் என்ற பெயருக்கே பொருள் இல்லை என்றார். ஓட்டுநர் சொன்ன பதில் சுருக்கமானது: “சார், நட்சத்திரம் அதேதானுங்க. நான் பார்த்த நேரம்தான் வேற.”

இரண்டு தரப்பிலும் நியாயம் இருப்பதாக முதலில் தோன்றும். பதிவேடுகளைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓட்டுநர் விதியை மீறவில்லை. இந்த மலைக்கு விதி எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி நடந்துகொண்டிருக்கிறார்.

பட்டியல் பிறந்த ஊர்

தொடக்கநிலை ஆர்வலர்களுக்கான பருவகாலப் பட்டியல்கள் பெரும்பாலும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உருவானவை. 40 முதல் 50 பாகை வட அட்சரேகையில் நிற்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே ஒவ்வொரு பருவத்துக்கும் தனி இரவு உண்டு. 50 பாகையில் ஜூன் இரவு முழுவதும் அந்தி ஒளி மிச்சமிருக்கும். முழு இருட்டே வராது. டிசம்பர் இரவோ முடிவில்லாமல் நீளும். “கோடையில் இதைப் பார், குளிரில் அதைப் பார்” என்ற பிரிவு அந்த ஊர்களில் பொருத்தமானதுதான்.

கோத்தகிரி 11.4 பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட இரவுக்கும் மிகக் குறுகிய இரவுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். சூரியன் மறைந்து சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் முழு இருட்டு வந்துவிடும், எந்த மாதமானாலும். இருட்டுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இருட்டை வைத்துப் பருவம் பிரித்த பட்டியல் எதற்கு?

வானத்தின் சாய்வும் வேறு. துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து 11 பாகை உயரத்தில்தான் நிற்கும். வடக்கே ஒரு முகடு இருந்தால் முடிந்தது கதை. படமெடுக்கும் ஆர்வலர் ஒருவர் தன் பூமத்திய ஏற்றத்தை (விண்மீன்களின் நகர்வைத் தொடர்ந்து செல்லும் தொலைநோக்கித் தாங்கி) துருவத்தை நோக்கிச் சரிசெய்ய முடியாமல் வீட்டின் மூன்று பக்கமும் மாறிமாறி நின்று பார்த்துவிட்டு, கடைசியில் பக்கத்து ஊர்ப் பள்ளி மைதானத்துக்கு இடம் மாறியிருக்கிறார். துருவத்தை ஒட்டிய என்ஜிசி 188 என்ற பழைய விண்மீன் கொத்து பட்டியலில் இருந்தது (என்ஜிசி என்பது வான்பொருள்களுக்கு எண் கொடுக்கும் ஒரு தொகுப்பு). இங்கே அது எந்த மாதத்திலும் 16 பாகைக்கு மேல் ஏறாது. ஒருவரும் பார்க்கவில்லை.

மறுபுறம், ஓமேகா சென்டாரி என்ற மாபெரும் கோளக்கொத்து (பந்துபோல் திரண்ட விண்மீன் கூட்டம்) இந்த மலையில் 31 பாகை உயரத்துக்கு வருகிறது. பட்டியலில் அது இல்லவே இல்லை. பாரிசில் இருந்த 18ஆம் நூற்றாண்டு வானியலாளர் மெசியருக்கு அது அடிவானத்துக்கு மேலே வந்ததே கிடையாது. அதனால் ‘எம்’ எண்களுக்கு மூலமான அவருடைய புகழ்பெற்ற தொகுப்பிலும் இல்லை. எட்மண்ட் ஹாலி 1677இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்துத்தான் அது சாதாரண விண்மீன் அல்ல என்று குறித்தார். வெறுங்கண்ணுக்கே மங்கலான பொட்டாகத் தெரியும் ஒன்றைப் பட்டியலில் விட்டுவிட்டு, முகட்டுக்குப் பின்னால் ஒளிந்த என்ஜிசி 188ஐத் தேடச் சொன்னது வேடிக்கைதான்.

கன்னி மண்டலத்து விண்மீன் திரள்கள் கிட்டத்தட்ட உச்சியைத் தொட்டுக்கொண்டு போகும் அட்சரேகை இது. எம் 87 நடுவானைக் கடக்கும்போது உச்சிப் புள்ளிக்கு ஒரு பாகை அருகில் இருக்கும். வளிமண்டலத்தின் தடிப்பு மிகக் குறைவான இடம் அது, பெரிய வரம். ஆனால் சுழலும் பெட்டித் தாங்கியில் நிற்கும் டாப்சோனியன் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு வேறு தலைவலி: குழாய் நேர்மேலே நோக்கும்போது பக்கவாட்டில் திருப்பப் பிடிமானம் கிடைக்காது, சின்ன அசைவுக்கும் அடித்தளம் முழுக்கச் சுற்ற வேண்டியிருக்கும். ஏப்ரல் நடுவில் இரவு 11:20 வாக்கில் இது நடக்கும். ஒன்றரை மணி நேரம் முன்னாலோ பின்னாலோ பார்ப்பது நல்லது என்று 6 அங்குல டாப்சோனியன் வைத்திருக்கும் மருந்துக்கடைக்காரர் எழுதி வைத்திருக்கிறார். பதிவேடுகளில் இருந்த மிகப் பயனுள்ள ஒற்றை வரி அதுதான்.

ஒரே மலை, இரண்டு மழை

2,637 மீட்டர் உயர தொட்டபெட்டா நீலகிரியின் வானிலையை இரண்டாகப் பிரிக்கிறது. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குப் பக்கத்தை நனைத்து எடுக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதே மாதங்களில் கோத்தகிரிக்கு வருவது பெரும்பாலும் முகட்டைத் தாண்டி வழிந்த மேகமும் காற்றும் சாரலும்தான். அக்டோபரில் காற்று திரும்பியதும் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியையும் குன்னூரையும் நேராகத் தாக்கும். மேற்குப் பக்கத்தில் விட்டுவிட்டுத் தெளியும்.

பட்டியலின் கோடை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. இலையுதிர்காலம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. இரண்டும் இரண்டு மழைக்குள் சரியாக உட்கார்ந்துவிட்டன. கோத்தகிரிக்காரர்களின் பக்கங்கள் வெறுமையாகக் கிடந்ததற்கு யாருடைய சோம்பலும் காரணமில்லை.

இத்தலார் ஆசிரியையின் இலையுதிர்காலப் பக்கம் நிறைந்ததற்கும் இதுவே விடை. அக்டோபரில் அவர் வீட்டு முற்றத்திலிருந்து எம் 15, எம் 2, எம் 31, எம் 33, பெர்சியஸ் இரட்டைக் கொத்து எல்லாவற்றையும் முடித்திருக்கிறார். அதே இரவுகளில் கோத்தகிரிப் பதிவேடுகளில் “மூட்டம்”, “மழை”, “மூட்டம்” என்று வரிசையாக இருக்கிறது. இரண்டு ஊருக்கும் இடையே நேர்க்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்குள்தான்.

மேகம் வானியலாளர்களை இந்த மலைகளிலிருந்து விரட்டியது பழைய கதை. 1880களில் வானியலாளர் மிச்சி ஸ்மித் நீலகிரியிலும் பழனி மலையிலும் இடம் தேடினார், தேர்வானது கொடைக்கானல். 1899இல் அங்கே சூரிய ஆய்வகம் எழுந்தது. காலைச் சூரியனுக்கு அது அருமையான இடம். 1904 முதல் சூரியனின் படங்கள் அங்கே சேர்ந்துகொண்டிருக்கின்றன. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாயும் எவர்ஷெட் விளைவு 1909இல் அங்கேதான் கண்டறியப்பட்டது. ஆனால் 1960இல் அதன் இயக்குநரான வைணு பாப்பு, இரவு விண்மீன்களை ஆராய வேறு மலை தேடினார். ஜவ்வாது மலையில் காவலூரைப் பிடித்தார். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. ஊட்டி முத்தோரையில் 1970இல் வந்த ரேடியோ தொலைநோக்கிக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை. 530 மீட்டர் நீளக் கருவியைத் தாங்கும் மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமம் என்பதற்காகவே அந்தச் சரிவு தேர்வானது. வானத்தை நோக்குபவர் மலைக்கு ஏற்பத் திட்டத்தை வளைத்ததற்கு இவை இரண்டும் நம் பக்கத்திலேயே இருக்கும் சான்றுகள். ஆர்வலர் குழு மட்டும் மலையைப் பட்டியலுக்கு வளைக்கப் பார்த்தது.

ஓட்டுநர் செய்தது என்ன

விண்மீன்கள் ஒவ்வொரு நாளும் சுமார் நான்கு நிமிடம் முன்னதாக உதிக்கின்றன. முப்பது நாளில் அது இரண்டு மணி நேரம். ஜூன் நடுவில் இரவு 8 மணிக்கு எந்த வானம் தெரியுமோ, அதே வானம் பிப்ரவரி நடுவில் அதிகாலை 4 மணிக்குத் தெரியும். நான்கு மாதம் முன்னால் போனால் எட்டு மணி நேரம் தள்ளிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளிப் புத்தகத்தில் இருக்கும் செய்திதான். ஆனால் பட்டியல்கள் “மாலை 9 மணி” என்ற ஓர் அனுமானத்தைச் சொல்லாமலே உள்ளே வைத்திருப்பதால், மாதம் மட்டும் நம் கண்ணில் படுகிறது, மணி படுவதில்லை.

ஓட்டுநர் காய்கறி மூட்டை ஏற்றும் நேரம் அதிகாலை. கேரட்டும் முட்டைக்கோசும் வண்டியில் ஏறும் வரை அவருக்குச் சும்மா நிற்கும் நேரம் உண்டு. இருக்கைக்குப் பின்னால் ஒரு 10×50 இருகண் நோக்கி. தெற்கே கேட்டை சிவப்பாக எழுந்து, மூலத்தின் வால் வளைந்து, அதற்குக் கிழக்கே தனுசு ஏறிக்கொண்டிருக்கும். மார்ச் முதல் வாரத்தில் காலை 5 மணி தாண்டி எம் 8 அடிவானத்திலிருந்து 35 பாகைக்கு மேல் இருக்கும். வைகறை வெளிச்சம் தொடங்க இன்னும் சில நிமிடங்கள் மிச்சம். எம் 4, எம் 6, எம் 7, எம் 22 என்று தெற்குப் பக்கத்தை முடித்து, வடகிழக்கில் எம் 13, பிறகு எம் 27. அல்பிரியோ என்ற இரட்டை விண்மீனை வண்டிக் கதவில் கையை முட்டுக்கொடுத்து இரண்டாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். மஞ்சளும் நீலமும் என்று எழுதி, நீலத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பது எனக்குப் பிடித்தது. பார்த்ததை எழுதியிருக்கிறார், புத்தகத்தில் இருப்பதை அல்ல.

விடுபட்ட ஒன்று எம் 57, வளைய நெபுலா. பத்து மடங்கு உருப்பெருக்கத்தில் அந்த வளையம் விண்மீனிலிருந்து வேறுபட்டுத் தெரியாது. அதைப் “பார்த்தேன்” என்று எழுத வாய்ப்பு இருந்தும் எழுதவில்லை.

வேலை முடிந்து வண்டி கிளம்பியபின் எங்கேயும் நிறுத்திப் பார்க்கவில்லை என்றும் குறிப்பு இருக்கிறது. மேட்டுப்பாளையம் சாலையில் குஞ்சப்பனைப் பக்கம் யானை நடமாட்டம் எல்லோருக்கும் தெரிந்தது. பொதுவாகவே இந்தக் குழு காட்டு எல்லைக்குள் போய்ப் பார்ப்பதில்லை. தேயிலைத் தோட்டத்திலேயே கரடியும் காட்டெருமையும் வருகிற ஊரில் வீட்டு முற்றமும் பள்ளி மைதானமும் கோயில் திடலும் போதும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் “நல்ல இருட்டு” தேடி வனச்சாலையில் வண்டியை ஓரங்கட்டுவதைப் பார்க்கிறேன். சட்டப்படியும் தவறு, உயிருக்கும் ஆபத்து.

அதிகாலைப் பழக்கத்தில் குழு எதிர்பார்க்காத ஒரு லாபமும் இருந்தது. மாலை வானத்துக்கு நிலவு இல்லாத இரவுகள் பௌர்ணமி முடிந்து சில நாளில் தொடங்கி, அமாவாசை தாண்டிச் சில நாளில் முடிந்துவிடும். அதன்பின் வளர்பிறை மாலை முழுவதையும் தின்றுவிடும். ஆனால் வளர்பிறை நிலவு விடிவதற்கு முன்பே மறைந்துவிடுகிறது. பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் முன்வரைக்கும் அதிகாலை இருட்டு கிடைக்கும். மாலையையும் அதிகாலையையும் சேர்த்துப் பயன்படுத்துகிறவருக்கு மாதத்தில் நிலவால் இழப்பது பௌர்ணமியை ஒட்டிய சில இரவுகள் மட்டும். மேகம் இவ்வளவு நாளைப் பிடுங்கிக்கொள்ளும் மலையில் இது சின்ன விஷயமல்ல.

பள்ளத்தில் நிற்காதீர்கள்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிந்திருக்கும், ஆனால் பனி. நவம்பரில் நீர்ப்பனி தொடங்கி, டிசம்பரில் உறைபனியாக மாறும். குழுவின் முதல் கூட்டு நோக்கு இரவுகள் ஒரு பள்ளத்து மைதானத்தில் நடந்தன. நான்கு பக்கமும் மேடு என்பதால் தெருவிளக்கு வெளிச்சம் தெரியாது என்பது காரணம். பதிவேடுகளில் அந்த இரவுகளின் முடிவு ஒரே மாதிரி: பத்தரைக்கு லென்சில் ஈரம், பதினொன்றுக்கு மூடுபனி, எல்லோரும் வீட்டுக்கு.

சிறு தேயிலை விவசாயி ஒருவர் ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்தவர், சொன்னாராம்: “இங்க எதுக்கு நிக்கிறீங்க? குளிரு பூரா பள்ளத்துலதான் இறங்கும். எங்க தோட்டத்துல கீழ்வரிசைச் செடிதான் கருகும், மேல்வரிசைக்கு ஒண்ணும் ஆகாது. மேட்டுக்கு வாங்க.” அவர் கீழ்வரிசைத் தேயிலையைத் தாகை என்ற செடியை வெட்டிப் போட்டு மூடுகிறவர், எந்த உயரத்தில் பனி நிற்கும் என்பது அவருக்குக் கையளவில் தெரியும்.

காரணம் எளிது. இரவில் நிலம் வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது. அதைத் தொட்ட காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஈரம் அங்கேதான் முதலில் படிகிறது. சரிவின் நடுப்பகுதியில் காற்று மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால் சில பாகை வெப்பம் கூடுதலாக இருக்கும். குழு சரிவுக்கு ஏறிய பிறகு நள்ளிரவு தாண்டிய பதிவுகள் வரத் தொடங்கின. தெருவிளக்கு கொஞ்சம் தெரிந்தது. பழைய போர்வையை இரண்டு கம்பியில் கட்டி மறைத்துக்கொண்டார்கள். லென்சுக்குப் படுக்கைப்பாயை வெட்டிச் சுருட்டிய பனிக்குழல். இருகண் நோக்கியை ஆளுக்கு ஆள் கைமாற்றும்போது கண்வில்லையில் மூச்சு படுவதுதான் இன்னும் தீராத தொல்லை.

கோயம்புத்தூர் எங்கே இருக்கிறது

ஒளி மாசைப் பற்றி எழுதும்போது எல்லோரும் அளவுகோலைச் சொல்வார்கள். திசையைச் சொல்ல மாட்டார்கள். கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூர் கிட்டத்தட்ட நேர்தெற்கு, மேட்டுப்பாளையம் தென்கிழக்கு. நம் அட்சரேகையின் பெருமையான தெற்கு வானம், அதாவது ஓமேகா சென்டாரி, எட்டா கரினா நெபுலா (ஒளிரும் வாயு முகில்), திரிசங்கு (தென்சிலுவை), எல்லாமே தெற்கே 15 முதல் 31 பாகைக்குள் நிற்பவை. நகரத்தின் ஒளித்திரை அந்த இடத்தில்தான் எழுகிறது. திரிசங்கின் அடி விண்மீன் 15 பாகை உயரத்தில் நிற்கும்போது அதன் ஒளி உச்சியில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. அதற்கு மேல் கோவையின் வெள்ளை எல்இடி வெளிச்சமும்.

இத்தலார், எமரால்டு பக்கத்திலிருந்து தெற்கே பார்த்தால் அட்டப்பாடி, சைலண்ட் வேலிக் காடுகள். எட்டா கரினாவை நான் படித்த பதிவேடுகளில் தெளிவாக வரைந்திருப்பவர் மறுபடியும் அந்த ஆசிரியைதான்: மார்ச் கடைசியில் இரவு 11 மணி, கரும்பட்டை நெபுலாவை இரண்டாகப் பிளப்பது வரை வரைந்திருக்கிறார். கோத்தகிரிக்காரர்கள் “ஒளிர்ந்த மங்கல்” என்பதோடு நின்றார்கள்.

கிழக்குப் பக்கத்துக்கும் ஒரு சலுகை உண்டு. டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் சமவெளி மேல் மேகம் தாழப் படர்ந்து கிடக்கும். மலைமேல் நிற்பவருக்குக் காலடியில் வெள்ளைக் கடல். அடியில் இருக்கும் நகரத்தின் வெளிச்சத்தை அது விழுங்கிவிடுகிறது. அத்தகைய காலைகளில் கோத்தகிரியின் தெற்கு அடிவானம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஓமேகா சென்டாரி ஜனவரியில் விடிவதற்கு முன் தெற்கே ஏறி நிற்கிறது. இதையும் ஓட்டுநர்தான் முதலில் குறித்திருக்கிறார், பட்டியலில் இல்லாததால் பக்கத்தின் ஓரத்தில்.

உள்ளூர் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தேயிலைத் தொழிற்சாலைகள் இரவிலும் ஓடும், கேரட் கழுவும் இடங்களில் பெரிய விளக்குகள் எரியும். யாருடைய பிழைப்பையும் அணைக்கச் சொல்ல முடியாது. கவிகை போட்ட விளக்கு கேட்கலாம், கேட்டிருக்கிறார்கள்.

ஜூலையில் கருவி

வானம் மூடிய மாதங்களில் பார்க்க எதுவும் இல்லை என்று கருவியைப் பரணில் ஏற்றுவது இந்த மலையில் மிகக் கெட்ட பழக்கம். பூஞ்சை. உறையோடு சுற்றி, இருட்டில், மூன்று மாதம் ஈரக்காற்றில் வைத்த இருகண் நோக்கியை அக்டோபரில் எடுத்தால் உள்வில்லையில் சிலந்திவலை போல நூல் படர்ந்திருக்கும். அது கண்ணாடி மேல்பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு போகாது. மருந்துக்கடைக்காரர் மாத்திரை டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து, காற்றுப்புகாத அரிசி டப்பாவில் கருவியோடு போட்டு வைக்கிறார். நிறம் மாறும் வகை ஜெல் என்றால் மாறியதும் வாணலியில் மிதமாகச் சூடாக்கி மறுபடி பயன்படுத்துகிறார். அந்த வாணலியைச் சமையலுக்குத் தொடுவதில்லை. எப்போதாவது கிடைக்கும் வெயில் நாளில் கருவியை வெளியே எடுத்து வெளிச்சம் படவிடுவதும் நல்லது, சூரியனை நோக்கி வைக்காமல்.

மனிதர்களின் பருவம்

வானம் ஒத்துழைக்கும் மாதங்களில் வீடு ஒத்துழைக்கவில்லை. பிப்ரவரி, மார்ச் இரவுகள்தான் ஆண்டிலேயே சிறந்தவை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதுதான் பொதுத்தேர்வுக் காலம். குழுவில் சேர்ந்த மாணவர்களின் பதிவேடுகள் ஜனவரியோடு நின்று ஏப்ரல் கடைசியில் மறுபடி தொடங்குகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை. ஆனால் இரவு பத்துக்குமேல் கழுவிவிட்டாற்போல் வானம் தெளிவதும் உண்டு. அதற்குள் சுற்றுலாக் கூட்டமும் தேயிலைப் பறிப்பு மும்முரமும் வந்துவிடுகின்றன. மார்கழி, தை இரவுகளில் ஹெத்தையம்மன் பண்டிகை வந்துவிட்டால் படுகர் வீட்டுப் பிள்ளைகள் யாரும் தொலைநோக்கிப் பக்கம் எட்டிப்பார்க்க மாட்டார்கள், பார்க்கவும் வேண்டாம்.

அதிகாலை நோக்கு எல்லோருக்கும் ஏற்றதுமல்ல. ஏற்கெனவே அந்நேரம் விழித்திருக்கும் ஓட்டுநருக்கும், இரவுப் பணி முடித்து வரும் தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் அது சும்மா கிடைத்த வானம். மூட்டுவலியோடு இருக்கும் அறுபது வயதுக்காரருக்கு உறைபனியில் நாலரைக்கு எழுந்து வா என்பது தண்டனை. ஒருங்கிணைப்பாளர் தேதி விதியை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். பாதி கேலி, பாதி உண்மை.

பட்டியலை வெட்டித் தைத்தது

கடைசியில் தகராறு தீர்ந்த விதம்: பருவங்களின் பெயர்கள் போயின. ஒவ்வொரு வான்பொருளுக்கும் எதிரே இரண்டு சாளரங்கள் வந்தன. ஒன்று மாலைக்கு, ஒன்று அதிகாலைக்கு. அதோடு, கிழக்கா மேற்கா என்ற ஒரு குறி.

தனுசு, விருச்சிகப் பொருள்களுக்கு பிப்ரவரிக் கடைசி முதல் ஏப்ரல் வரை அதிகாலை. மே மாதம் இடிமழைக்குப் பின் நள்ளிரவு. எம் 31, எம் 33, என்ஜிசி 253 ஆகியவை கோத்தகிரிக்காரர்களுக்கு ஜனவரி முதல் பாதியில் இருட்டியதும் ஏழரை மணிக்கு. ஜனவரி 10 வாக்கில் அந்நேரம் என்ஜிசி 253 தென்மேற்கில் 45 பாகைக்கு மேல் இருக்கிறது. அக்டோபர் மழையில் நனைந்து அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எம் 15, எம் 2, எம் 30 மூன்றும் ஜனவரியில் மேற்கே சரிந்துவிடுகின்றன. எம் 30 அப்போது 13 பாகைகூட இருக்காது. அவற்றுக்கு மே மாதத்து அதிகாலை நான்கு மணி. அல்லது அக்டோபரில் இத்தலார்.

டிசம்பர் 13, 14 இரவுகளின் ஜெமினிட் எரிகற்பொழிவு புதிதாகச் சேர்ந்தது. அதன் கதிர்மையம் (எரிகற்கள் புறப்படுவதுபோல் தோன்றும் புள்ளி) நள்ளிரவு தாண்டி இங்கே 68 பாகை வரை ஏறுகிறது. வடகிழக்கு மழையும் ஓயத் தொடங்கும் நேரம். பட்டியலில் பிரபலமாக இருந்த பெர்சீட் நீக்கப்பட்டது. ஆகஸ்ட் 12இல் நீலகிரியில் எரிகல் பார்க்கக் காத்திருப்பவருக்குச் சளி பிடிக்கும்.

என்ஜிசி 188 போனது. ஓமேகா சென்டாரி, எட்டா கரினா, சென்டாரஸ் ஏ, திரிசங்கு, அகத்தியர் (கனோபஸ் விண்மீன்) வந்தன. எம் 81, எம் 82 இரண்டும் 32 பாகை உயரத்தில் வடக்கே தெரிவதால் இருக்கட்டும் என்று விட்டார்கள். மேகமூட்டக் குறிப்பும் கணக்கில் சேரும் என்பது புதிய விதி: வெளியே வந்து பார்த்து, வானம் மூடியிருந்தால் அதையும் தேதியோடு எழுத வேண்டும். என் கணிப்பில் இந்த மாற்றங்களில் நீண்டகாலப் பயன் உள்ளது இதுதான். சில ஆண்டுகள் இப்படிச் சேர்ந்தால் தொட்டபெட்டாவின் இரு பக்கமும் எந்த மாதத்தில் எந்த மணிக்கு வானம் திறக்கிறது என்பதற்கு உள்ளூர்க் கணக்கு ஒன்று கிடைக்கும். செயற்கைக்கோள் படத்தில் மலையின் இரு பக்கத்தையும் மணிக்கணக்கில் பிரித்துப் பார்க்க ஆர்வலருக்குப் பொழுது ஏது.

ஓட்டுநரின் பதினொன்றும் ஏற்கப்பட்டன. எம் 57ஐ மருந்துக்கடைக்காரரின் 6 அங்குலத்தில் பார்த்துப் பன்னிரண்டாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒருங்கிணைப்பாளரே சொன்னார். “சொந்தக் கருவியில பார்க்காம எப்படிங்க சார்” என்று ஓட்டுநர் தள்ளிப்போட்டிருக்கிறார்.

இப்போது குழு அலசிக்கொண்டிருப்பது 47 டுக்கானே பற்றி. ஓமேகா சென்டாரிக்கு அடுத்த பிரகாசமான கோளக்கொத்து. இங்கே அதிகபட்சம் 6.5 பாகை உயரம், டிசம்பர் 10 வாக்கில் இரவு ஏழரை மணிக்கு. உச்சியில் இருப்பதைப் போல எட்டு மடங்கு காற்றைத் தாண்டி வர வேண்டும். கோத்தகிரியிலிருந்து கோவை வெளிச்சத்துக்குள்ளேயே மூழ்கிவிடும். மேற்குப் பக்கத்தில் தெற்கு அடிவானம் மறைக்காத, காட்டு எல்லைக்கு வெளியே உள்ள ஒரு மேடு வேண்டும். இத்தலார் ஆசிரியை தன் பள்ளியின் மாடியிலிருந்து தெற்கு முகட்டின் உயரத்தைக் கோணமானியும் நூல்குண்டும் வைத்து அளந்திருக்கிறார். ஐந்து பாகை. ஒன்றரைப் பாகை மிச்சம் இருக்கிறது. டிசம்பரில் மேகம் விட்டால் பார்க்கலாம்.